டிபிக்குப் பின் நுரையீரல் பூஞ்சை: இட்ராகொனசோலா, வோரிகொனசோலா?

டிபி குணமாகி ஓரிரு வருடம் கழித்து மறுபடி இருமல், உடல் மெலிவு, சளியில் ரத்தம். டிபிதான் திரும்பிவிட்டது என்று வீட்டில் கலங்கிப்போவார்கள். சளியில் டிபி கிருமி இல்லையென்றால், பழைய நோய் விட்டுப்போன குழியில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை குடியேறியிருக்கிறதா என்று சி.டி. ஸ்கேனும் அந்தப் பூஞ்சைக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைக் காட்டும் ஐஜிஜி ரத்தப் பரிசோதனையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இருக்கிறது என்றால், மாத்திரையில் முக்கியமாக இரண்டு பெயர்கள் அடிபடும்: இட்ராகொனசோல், வோரிகொனசோல். வோரிகொனசோல் விலை கூடியது, அதனால் அதுதான் வீரியமானது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் புகழ் வேறு நோயில் கிடைத்தது. ரத்தப் புற்றுநோயாளிகள் போன்றோரைத் தாக்கும் தீவிர ஆஸ்பர்ஜில்லஸ் தொற்றில், 2002-இல் வெளியான ஆய்வில் வோரிகொனசோல் பெற்றவர்களில் 71 சதவீதம் பேர் 12 வாரம் கழித்தும் உயிருடன் இருந்தார்கள். ஆம்போடெரிசின் என்ற பழைய பூஞ்சை மருந்து பெற்றவர்களில் 58 சதவீதம். டிபிக்குப் பின் வரும் நாள்பட்ட நோயின் கதை வேறு. சண்டிகரில் உள்ள பிஜிஐ என்ற அரசு மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் மருத்துவர்கள் இட்ராகொனசோலையும் வோரிகொனசோலையும் தனித்தனிக் குழுக்களுக்கு 6 மாதம் கொடுத்து ஒப்பிட்டார்கள். வோரிகொனசோல் முந்தவில்லை, பக்கவிளைவுதான் அதிகம்.

ஆகவே என் ஓட்டு முதலில் இட்ராகொனசோலுக்கு. படர்தாமரைக்குத் தோல் மருத்துவர் எழுதித்தருகிற அதே கேப்சூல்தான். ஆனால் அதை விழுங்குவதில்தான் பாதிப்பேர் கோட்டை விடுகிறார்கள். வயிற்றில் அமிலம் இருந்தால்தான் அது கரையும். எனவே வயிறார சாப்பிட்டவுடன் போட வேண்டும். நம் ஊரில் எந்தச் சீட்டிலும் கூடவே வருகிற கேஸ் மாத்திரை, அந்த பான்டோபிரசோல், அமிலத்தைக் குறைத்து மருந்தை வீணாக்கிவிடும். சீட்டில் இரண்டும் சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

வோரிகொனசோல் நேரெதிர்: வெறும் வயிற்றில். கண் கூசும், வெயில் பட்டால் தோல் கருகிச் சிவக்கும். வயலில் நிற்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் இதயம் பலவீனமானவருக்கு இட்ராகொனசோல் ஆகாது, அவருக்கு வோரிகொனசோல்தான் சரி. ஈரலை இரண்டுமே பாதிக்கலாம், ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

எத்தனை மாதம் என்பதும் மருந்தின் பெயருக்குக் குறையாத கேள்வி. இட்ராகொனசோலை 6 மாதத்தில் நிறுத்தியவர்களில் 38 சதவீதம் பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் நோய் திரும்பியது. 12 மாதம் சாப்பிட்டவர்களில் 10 சதவீதம்தான். இதையும் பிஜிஐதான் கண்டறிந்தது.

அப்புறம், டிபி மாத்திரை இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் எதையும் தொடங்குமுன் அதைச் சொல்லிவிடுங்கள். சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் ரிஃபாம்பிசின் இந்த இரண்டு மருந்தின் அளவையும் ரத்தத்தில் தரைமட்டமாக்கிவிடும்.