முனை வரை மரம்: முழுக்கட்டை ரைஃபிள் செய்து வாங்கிய அனுபவம்

குழலின் முனை வரைக்கும் மரம் ஓடும் வேட்டைத் துப்பாக்கியைத்தான் முழுக்கட்டை ரைஃபிள் என்கிறேன். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இதற்கு ஷ்டுட்சன் என்று பெயர். ஆஸ்திரியாவின் ஸ்டெயர் நகரத்தில் 1903 முதல் செய்த மான்லிகர் ஷோனாவர் கார்பைன்தான் இந்த வடிவத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 45 செ.மீ. குழல், தட்டையாக்கி மடக்கிய போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளை) கைப்பிடி, மெலிந்த முன்கட்டை. பார்த்தவுடன் கையில் எடுக்கத் தோன்றும் துப்பாக்கி அது.

நான் செய்யச் சொன்னது அதே வடிவம்தான், ஆனால் உள்ளே இருப்பது மவுசர் 98 என்ற ஜெர்மன் ரைஃபிளின் இயங்குபொறி. தென் ஜெர்மனியில், பாடன் வுர்ட்டம்பெர்க் மாநிலத்தின் மலைக்காடுகளில், ரோ மானுக்கும் (ஐரோப்பியக் காடுகளின் சிறிய மான்) காட்டுப்பன்றிக்கும் ஏழெட்டு வருடமாக இதைத்தான் எடுத்துப் போகிறேன். இவ்வளவு காலம் மழையிலும் பனியிலும் தூக்கித் திரிந்தபின் உறுதியாகச் சொல்ல முடிகிற ஒன்று உண்டு. முழுக்கட்டைத் துப்பாக்கியின் தரம் வெளியே தெரியும் மரத்தின் அழகில் இல்லை. குழலுக்கும் மரத்துக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செய்த வேலையில் இருக்கிறது.

பழைய மான்லிகர் ஒன்றையே வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அதில் போல்ட் கைப்பிடி பின்பாலத்தை, அதாவது போல்ட் ஓடும் இரும்புக் கூட்டின் பின்பக்க மேல்வளைவை, பிளந்துகொண்டு போகும், அதனால் ஸ்கோப்பைத் தாழ்வாகப் பொருத்துவது பெரும்பாடு. சுழலும் தோட்டா அறையும் (மேகசின்) குறிப்பிட்ட ஒரு தோட்டாவின் வடிவத்துக்கென்றே செய்தது. மவுசர் 98இல் இந்தத் தொல்லை இல்லை. தோட்டாவின் அடியைப் பெரிய நகம் ஒன்று பிடித்துக்கொண்டே உள்ளே தள்ளும், சுட்டபின் அதே பிடியில் வெளியே இழுக்கும். துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்தாலும் தலைகீழாகப் பிடித்தாலும் தோட்டா நழுவாது. எனக்குக் கிடைத்தது ராணுவத்துக்காகச் செய்த பழைய 98. பாலத்தின் மேல் தோட்டாப்பட்டியைச் செருக இருந்த மேட்டைச் சீவி, கைப்பிடியை மாற்றி, ஸ்கோப்பில் இடிக்காத சேஃப்டி போட வேண்டியிருந்தது.

தோட்டா 7x57, அதாவது 7 மி.மீ. குண்டு, 57 மி.மீ. கூடு. 1892இல் வந்தது, ஸ்பெயின் ராணுவம் 1893 மாடல் மவுசரோடு எடுத்துக்கொண்டது. 98இன் சொந்தத் தோட்டாவான 8x57க்கும் இதற்கும் கூட்டின் நீளமும் அடிப்பகுதியும் ஒன்றுதான் என்பதால் தோட்டா அறையில் கைவைக்க வேண்டியதில்லை. இங்கே சட்டப்படி ரோ மானுக்கு 100 மீட்டரில் குறைந்தது 1000 ஜூல், பன்றி போன்ற மற்றக் குளம்பு விலங்குகளுக்கு 6.5 மி.மீ. விட்டமும் 2000 ஜூலும் வேண்டும். என்னுடைய 52 செ.மீ. குழலிலும் 7x57 இதைத் தாராளமாகத் தாண்டும், தோள்பட்டையையும் படுத்தாது. இன்னும் வேகமான தோட்டாக்களைக் குட்டைக் குழலில் போட்டால் சத்தமும் தீயும்தான் கூடும்.

குழல் இங்கே சட்டப்படி துப்பாக்கியின் முக்கிய உறுப்பு. ஆயுத அட்டையில் பதிவாக வேண்டும், உரிமம் உள்ள துப்பாக்கி ஆசாரிதான் மாற்ற வேண்டும், மாற்றியபின் அரசுச் சோதனை நிலையத்தில் கூடுதல் அழுத்தத் தோட்டா போட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். என்னுடையது உல்ம் நகரத்துக்குப் போய், கலைமான் கொம்பு முத்திரையோடு திரும்பி வந்தது. வெளிநாட்டுக்காரன் என்பதால் கூடுதல் தொல்லை எதுவும் இல்லை. வேட்டைத் தேர்வு பாஸ் செய்து உரிமம் வைத்திருந்தேன், எனக்கு அது போதுமாக இருந்தது.

இனி மரம். வால்நட் பலகை பார்க்கப் போனால் எல்லோருக்கும் கண் போவது கறுப்புக் கோடும் சுழியும் ஓடும் துண்டின் மேல்தான். பின்கட்டையில் அந்தச் சுழி இருக்கலாம், தப்பில்லை. முன்கட்டையில் இருக்கவே கூடாது. முழுக்கட்டையின் முன்பகுதி அரை மீட்டருக்கும் மேல் நீண்டு, உள்ளே குழல் படுக்கக் குடைந்தபின் விரல் தடிமன்கூட இல்லாத ஓடாக நிற்கிறது. ரேகை நேராக ஓடாவிட்டால் ஈரம் ஏறும்போது அது ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும், குழலைத் தள்ளும், குண்டு வேறு இடத்தில் போய் விழும். என் வேட்டை நண்பர் ஒருவரின் பழைய முழுக்கட்டை ரைஃபிள் கோடையில் சரியாகச் சுடும், நவம்பர் மழையில் 100 மீட்டரில் உள்ளங்கை அகலம் விலகிப் போகும். துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை, மரம் குடித்த தண்ணீர்தான் காரணம்.

அதனால் ஆசாரியிடம் நான் கேட்டது முன்பக்கம் ரேகை நேராக ஓடும், பல வருடம் காற்றில் உலர்ந்த பலகை. பின்கட்டையில் மட்டும் கொஞ்சம் வரி தெரிகிறது. போல்ட் ஓடும் இரும்புக் கூடு உட்காரும் இடத்தை எபாக்ஸி பிசினில் அச்சாக வார்த்தார். அதற்கு முன்னால் குழல் மரத்தை எங்குமே தொடாது. முன்கட்டையின் உள்ளே நீளவாக்கில் இரண்டு கார்பன் கம்பி பதித்திருக்கிறார். முனையிலுள்ள இரும்புத் தொப்பியும் மரத்தோடு மட்டும் திருகப்பட்டது, குழலைச் சுற்றி மெல்லிய இடைவெளி. குடைந்த உள்பரப்புக்கு வெளிப்புறத்தைவிட அதிக முறை எண்ணெய் ஏற்றினார். கண்ணில் படாத பக்கம் என்று பலர் விட்டுவிடுவது இதைத்தான், ஈரம் புகுவதும் அந்த வழியில்தான்.

இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஐந்து யூரோ நோட்டு போதும். தொப்பியின் பக்கம் குழலுக்குக் கீழே நுழைத்துப் பின்னோக்கி இழுத்தால் தோட்டா அறைக்கு முன்வரை தடையில்லாமல் வர வேண்டும். இரவு முழுக்க மழையில் நனைந்த மறுநாள் காலையிலும் என்னுடையதில் நோட்டு சிக்குவதில்லை. 100 மீட்டரில் 4 செ.மீ. உயரமாக அடிக்கும்படி வைத்திருக்கிறேன். பருவம் மாறும்போது சரிபார்ப்பேன், ஸ்கோப் திருகியைத் தொட வேண்டி வந்ததில்லை.

பயன்பாட்டில் பழகிக்கொள்ள வேண்டியவை சில உண்டு. வேட்டைக்காக ஏறி உட்காரும் உயர மேடையின் கட்டையில் சாய்த்துச் சுடும்போது முன்கட்டையின் நுனியை வைக்காதீர்கள். தோட்டா அறைக்குச் சற்று முன்னால் இடது கையைக் கொடுத்து அதன்மேல் வையுங்கள். தோள்வாரை இறுக்கிப் பிடித்துச் சுடும் பழக்கமும் இதற்கு ஆகாது. வார் வளையம் மரத்தில்தான் இருக்கிறது, இழுத்தால் மரம் வளைந்து குழலைத் தொட்டுவிடும். இரட்டை விசையும் பழக நாள் எடுக்கும். பின்விசையை இழுத்தால் மெல்லிய கிளிக், அதன்பின் முன்விசை மூச்சுப் பட்டாலே விடுபடும் அளவுக்கு மென்மையாகிவிடும். மான் பக்கவாட்டில் நின்று, குறி நிலைத்தபின் மட்டுமே பின்விசையைத் தொடுகிறேன். சுடாமல் விட்டால் முதலில் சேஃப்டி, பிறகு போல்ட்டைத் திறப்பது.

நனைந்து வந்தால் துடைத்து வைத்தால் மட்டும் போதாது. குழலின் அடிப்பக்கம் மரத்துக்குள் மறைந்திருக்கிறது, துரு பிடித்தால் தெரியாது. மரத்தையும் இரும்பையும் சேர்க்கும் இரண்டு திருகாணிகளையும் கழற்றி, மரத்தைத் தனியாக அறைச் சூட்டில் உலர விட்டு, இரும்புக்கு எண்ணெய் தடவுகிறேன். ஹீட்டர் பக்கத்தில் மரத்தை வைக்கவே கூடாது. திரும்பப் பூட்டியபின் ஒரு தோட்டாவாவது சுட்டுப் பார்க்காமல் காட்டுக்குப் போவதில்லை.

ஜூலைக் கடைசியில், நாம் கூப்பிடும் குரலுக்கு ஆண் ரோ மான் வரும் நாட்களில், புதருக்குள் நடந்து வேட்டையாட இதைவிட வசதியான துப்பாக்கியை நான் பிடித்ததில்லை. குட்டை, தோளில் மாட்டினால் கிளையில் சிக்காது, சமநிலை இரண்டு கைக்கும் நடுவில் விழுகிறது.

ஆனால் இன்று செய்யச் சொல்ல நினைப்பவர் ஒன்றை யோசித்தே ஆக வேண்டும். 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஜெர்மனியில் வேட்டைக்காரர்கள் சைலன்சர் வாங்குவது எளிதாகிவிட்டது. காதுக்கும் நாய்க்கும் அது பெரிய நன்மை. முனை வரை மரம் ஓடும் துப்பாக்கியில் அதைத் திருக இடமில்லை. முன்கட்டையை வெட்டிக் குறைத்து மரை போட்டால் அது முழுக்கட்டையே இல்லை. மேடையில் உட்கார்ந்து இரவில் பன்றிக்காகக் காத்திருப்பதுதான் உங்கள் வேட்டை என்றால், இந்தப் பணத்தை இதில் போட வேண்டாம். நானும் பன்றிக்கு மரை போட்ட அரைக்கட்டை ரைஃபிள் ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஷ்டுட்சன் ரோ மானுக்கென்று இருக்கும்.