'டு ஆல் தி பாய்ஸ்' – டீன் காமெடில இப்படி ஒரு ஹீரோயினைத்தான் எதிர்பார்த்தேன்

நெட்ஃப்ளிக்ஸ்ல 2018ல வந்த படம், இப்போ திரும்பப் பாத்தாலும் புடிக்குது. ஹீரோயின் லாரா ஜீன் பாதி கொரியன், அம்மா இல்லாத வீடு, ஆனா படம் அதைப் பத்தி லெக்சர் எடுக்கல, அவ பாட்டுக்கு லவ் லெட்டர் எழுதி மாட்டிக்கிட்டு முழிக்கிறா, எல்லா ஹீரோயினும் பண்றதைத்தான் பண்றா, அதான் எனக்கு ரொம்பப் பெருசா தெரியுது. ஏன்னா 1984ல வந்த 'சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்'ல ஆசியப் பையன் வந்தாலே பின்னாடி மணி அடிப்பாங்க, அவன் சும்மா சிரிக்க வைக்க மட்டும்தான். 'டு ஆல் தி பாய்ஸ்'ல அந்தப் பழைய படத்தை டிவில போட்டுப் பாக்குறப்போ ஹீரோ பீட்டர் இது ரேசிஸ்டா இல்லையான்னு கேக்க, லாரா ஜீன் ஆமான்னு ஒத்துக்கிற அந்த சீன் செம. அவளுக்காக அவன் ஊரைத் தாண்டிப் போய் கொரியன் யோகர்ட் டிரிங்க் வாங்கிட்டு வர்றதும் அழகு.

இந்தப் படத்தோட மூல நாவலை எழுதின ஜென்னி ஹான்கிட்ட முன்னாடி சிலர் ஹீரோயினை வெள்ளைக்காரப் பொண்ணா மாத்தலாம்னு கேட்டிருக்காங்க, அவங்க விடல, கடைசில வியட்நாம்ல பொறந்த லானா காண்டோர் நடிச்சாங்க.

குறைன்னா லாரா ஜீனோட ஃப்ரெண்ட் லூகாஸ்தான். கறுப்பினப் பையன், கே (பசங்களைப் புடிக்கிறவன்), நல்ல கேரக்டர், ஆனா அட்வைஸ் குடுத்துட்டுப் போயிடுறான், அவனோட கதையே இல்ல. அவனுக்குன்னு நாலு சீன் கண்டிப்பா வச்சிருக்கணும்.