வன்னிக்கு எந்தக் கூடாரம்? 3–4 பேர் இரட்டைத் துணிக் கூடாரம், ஒரு மதிப்பீடு

பெட்டியில் ‘3–4 பேர்’ என்று போட்டு, பெரிய பெயர் எதுவும் இல்லாமல் விற்பனைக்கு வரும் இரட்டைத் துணிக் கூடாரத்தைப் பற்றியது இந்த மதிப்பீடு. உள்ளே ஒரு கூடாரம், அதன் மேல் தனியாகப் போர்த்தும் மழைத்துணி, குறுக்கும் மறுக்குமாகப் போகும் இரண்டு பைபர் கிளாஸ் தடிகள். தரை 210 × 210 சென்ரிமீற்றர், நடு உயரம் 130. மடு மாதா கோயிலின் ஆவணித் திருவிழாவுக்குப் போய் மரத்தடியில் தங்குகிற குடும்பங்களுக்கும், முல்லைத்தீவுக் கடற்கரையிலோ குளக்கரையிலோ ஓரிரு இரவு கழிக்க நினைப்பவர்களுக்கும் இது போதும். ஆனால் பெட்டியோடு வருகிற முளைகளை நம்பிப் புறப்பட வேண்டாம்.

கடையில் முதலில் காட்டுவது 2000 மி.மீ. என்ற நீர்காப்பு எண்ணைத்தான். துணியின் மேல் அந்த உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் கசியாது என்பது அதன் பொருள். மழைத்துணிக்கு அது தாராளம், அதற்கு மேல் காசு கொடுக்கத் தேவையில்லை. வன்னியில் பார்க்க வேண்டியது காற்றோட்டம். ஐப்பசி தொடங்கித் தை வரைதான் மாரி. மிச்ச மாதங்களில் பெரும்பாலும் வெக்கைதான். உள்கூடாரத்தின் மேற்பாதி முழுக்க வலையாக இருக்கிறதா என்று கடையிலேயே பிரித்துப் பாருங்கள். சிலவற்றில் உச்சியில் ஒரு சாண் வலையை மட்டும் வைத்துவிட்டு மற்றதெல்லாம் துணியாக இருக்கும். அது ஆவணி மாதத்தில் ஆள் படுக்கிற இடமில்லை.

கோடையில் மழைத்துணியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் படுக்கலாம். உள்கூடாரம் அப்படியே தரையும் சேர்த்துத் தைத்த நுளம்பு வலையாக நிற்கும். இரட்டைத் துணியின் பெரிய பலன் இதுதான். வீசினால் தானாக விரிகிற ஒற்றைத் துணிக் கூடாரத்தில் இது முடியாது. தை, மாசிப் பனியில் இன்னொரு சிக்கல்: குளத்துக்குக் கிட்ட அடித்தால், மூச்சுக் காற்றின் ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு நீராகி, விடியப்புறம் பாயில் சொட்டும். இரட்டைத் துணியில் அந்த நீர் வெளித்துணியின் உட்புறத்தில் வழிந்து வெளியே போய்விடும். இரண்டு துணிக்கும் நடுவே ஒரு கை இடைவெளி இருக்கும்படி இழுத்துக் கட்டினால்தான் இது நடக்கும். ஒட்டிக் கிடந்தால் ஒற்றைத் துணிக்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

நாலு பேர் கணக்கு சரிவராது. ஆளுக்கு 60 சென்ரிமீற்றர் வைத்தால் மூன்று பாய், பைகளுக்கு ஓர் ஓரம், அவ்வளவுதான். தாய் தகப்பனும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் என்றால் சமாளிக்கலாம்.

இனி முளைகள். பெட்டியில் வருவது ஒரு சாண் நீளமான மெல்லிய கம்பி. குளிர்நாட்டின் இளகிய புற்தரைக்கு அது சரி. ஆவணியில் மடுப் பக்கத்துச் செம்மண் காய்ந்து இறுகியிருக்கும். இரண்டாவது அடியிலேயே கம்பி வளைந்துவிடும். வெல்டிங் பட்டறையில் 10 மி.மீ. முறுக்குக் கம்பியை ஓர் அடி நீளத்தில் எட்டுத் துண்டாக வெட்டி, தலையைக் கொக்கி போல வளைத்து, நுனியைக் கூராக்கித் தரச் சொல்லுங்கள். அடிக்கிற இடத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே அரை லீற்றர் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். அப்படியும் இறங்காவிட்டால் அலவாங்கால் ஒரு சிறு துளை போட்டுவிட்டு அடியுங்கள். முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்திருக்க வேண்டும். நேராக அடித்தால் காற்று ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும்.

கடற்கரை மணலில் எந்த முளையும் நிற்காது. வெறும் உரப்பையில் மணலை நிரப்பி, கழுத்தில் கயிறு கட்டி, ஓர் அடி ஆழத்தில் புதைத்து மிதித்துவிடுங்கள். நாலு மூலைக்கும் நாலு பை, இழுகயிறுகளுக்கு இன்னும் இரண்டு. பைகளைத் திரும்பிக் கொண்டுவர மறக்காதீர்கள்.

முளை அடிப்பதானாலும் குழி தோண்டுவதானாலும், ஆட்கள் நாளாந்தம் புழங்குகிற நிலத்தில் மட்டும் செய்யுங்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கிற பக்கம் விறகு பொறுக்கக்கூடப் போக வேண்டாம். காட்டுக்குள் தங்க வனத் திணைக்களத்தின் அல்லது வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் கூடாரத்தின் வாசலை வடகிழக்கே வையுங்கள். காற்றுப் பக்கத்து இழுகயிறுகளை முதலில் இறுக்கி, அதன் பிறகே மற்றப் பக்கம். இவற்றைக் கட்டாமல் விடுகிறவர்களுக்குத்தான் தடி உடைகிறது. பைபர் கிளாஸ் நடுவில் முறிவது குறைவு; துண்டுகள் பொருந்துகிற இரும்புக் குழாய் ஓரத்தில் நீளவாக்கில் பிளக்கும். பிளந்த தடியை வெறுங்கையால் தடவாதீர்கள், சிலாம்பு தோலுக்குள் ஏறினால் எடுப்பது கடினம். தடிக்கு மேலே இறுக்கமாகப் போகிற ஓர் உலோகக் குழாயைப் பத்துச் சென்ரிமீற்றர் வெட்டி எப்போதும் பையில் வையுங்கள். பிளந்த இடத்தின் மேல் அதைச் செருகி, இரண்டு முனையிலும் இன்சுலேசன் ரேப் சுற்றினால் அந்தப் பயணம் முடியும்வரை தாங்கும். மடிக்கும்போது தடியை நடுவிலிருந்து இரு பக்கமும் மடியுங்கள். ஒரு முனையிலிருந்து தொடங்கினால் உள்ளே ஓடும் இலாஸ்டிக் ஒரு பக்கமாக இழுபட்டு விரைவில் தொய்ந்துவிடும்.

மழையில் இந்தக் கூடாரம் தோற்கிற இடம் கூரை இல்லை, தையலும் தரையும். தையல் ஊசித் துளைகளின் மேல் உட்புறம் ஒரு பளபளப்பான நாடா ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தையல் அடைக்கும் பசையைத் தடவி ஒரு முழுநாள் காயவிடுங்கள். தரைக்குக் கீழே தறப்பாள் விரிப்பது நல்லது, ஆனால் நம்மவர்கள் அநேகமாகப் பெரிய தறப்பாளை விரித்துச் சுற்றிவர அரை முழம் வெளியே விட்டுவிடுகிறார்கள். கூரையிலிருந்து வழிகிற தண்ணீர் அதில் விழுந்து நேரே பாய்க்குக் கீழே ஓடும். தறப்பாள் கூடாரத்தின் தரையைவிட எல்லாப் பக்கமும் ஐந்து சென்ரிமீற்றர் சின்னதாக இருக்க வேண்டும். கூடினால் உள்ளே மடித்துவிடுங்கள்.

மடுவில் ஒரு கிழமை தங்குகிறவர்கள் தறப்பாளை ஒவ்வொரு நாளும் தூக்கிப் பார்க்க வேண்டும், கறையான் ஓரிரவிலேயே மண் கட்டிவிடும். தேளும் அங்கேதான் ஒதுங்கும். இராத்திரியில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கிற எண்ணெய் விரியனுக்கு எதிராக இந்தக் கூடாரம் தருகிற காவல் பெரியது, அதுவும் சிப் முழுக்க மூடியிருந்தால்தான். ‘காற்று வரட்டும்’ என்று கீழே நாலு விரல் திறந்து வைப்பது கூடவே கூடாது. பாலை மரம் நல்ல நிழல், ஆனால் பழக் காலத்தில் கரடி தேடி வருகிற மரமும் அதுதான். காட்டிலிருந்து குளத்துக்கு யானை இறங்குகிற தடத்தை ஊரவர்களிடம் கேட்டு, அதை விட்டுத் தள்ளி அடியுங்கள். உப்பு, அரிசி, பழம் எதையும் உள்ளே வைக்க வேண்டாம். அடுப்பும் உள்ளே வேண்டாம். துணி பொறி பட்டாலே உருகும்.

முதலில் பழுதாவது சிப்தான். செம்மண் தூசி பல்லில் ஏறினால் ஓடுகிற பூட்டு தேய்ந்து, மூடிய பிறகும் பின்னால் வாய் பிளக்கும். பூட்டின் இரு பக்கத்தையும் குறடால் மெல்ல, சம அளவில் நெரித்தால் மீண்டும் பிடிக்கும். பழைய பல்துலக்கியால் தூசியைத் தட்டி, மெழுகுதிரியால் ஒரு தரம் உரசிவிடுங்கள். எண்ணெய் போட்டால் இன்னும் மண் ஒட்டும்.

ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், உட்பூச்சு பிசுபிசுத்து உரியத் தொடங்கும். வீட்டுக்கு வந்ததும் நிழலில் இரு புறமும் காயவிடுங்கள். வெயிலில் நாட்கணக்கில் கிடந்தால் துணி நைந்துவிடும். வாங்கும்போது தடியை மட்டும் தனியாகத் தருவார்களா என்று கேளுங்கள். தருகிற கடை சற்று விலை கூட என்றாலும் அங்கேயே வாங்குங்கள்.