ஃபோர்ட் காலின்ஸில் ஒரே நிறுத்தம்: நியூ பெல்ஜியமா, ஓடெலா?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வரிலிருந்து வடக்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் காரோட்டினால் ஃபோர்ட் காலின்ஸ் வந்துவிடும். பீர் பிரியர்களுக்கு அங்கே இரண்டு பீர் ஆலைகள் முக்கியம்: நியூ பெல்ஜியம், ஓடெல்.

ஒரு வீட்டின் நிலவறையில் உருவாகி 1991இல் பீர் விற்கத் தொடங்கியது நியூ பெல்ஜியம். அதன் நிறுவனர் பெல்ஜியத்தில் சைக்கிளில் சுற்றியதன் நினைவாக ஃபேட் டயர் என்ற பீர் பிறந்தது. ஆனால் அங்கே போய் ஃபேட் டயர் மட்டும் குடிப்பது வீண். அது எந்தக் கடையிலும் கிடைக்கும். பிரம்மாண்டமான ஓக் மரத்தொட்டிகளில் நீண்ட காலம் புளிக்க வைக்கும் லா ஃபோலி என்ற பீர் இருந்தால் அதைக் கேளுங்கள். அந்தக் கூர்மையான புளிப்புக்காகவே வண்டியைத் திருப்பலாம்.

ஓடெல் அதற்கும் மூத்தது, 1989. பழைய தானியக் கிடங்கு ஒன்றில் தொடங்கியது. அதன் 90 ஷில்லிங், ஸ்காட்லாந்து பாணியைச் சற்று இலகுவாக்கிய, முளைகட்டிய பார்லியின் இனிப்பு மேலோங்கும் பீர்.

என் தேர்வு ஓடெல்தான். முழுக்க ஊழியர்களுக்கே சொந்தமாக இருந்த நியூ பெல்ஜியம் 2019இல் ஜப்பானின் கிரின் குழுமத்துக்குக் கைமாறியது. எனக்கு அது இன்னும் வருத்தம். ஓடெலிலோ 2015இல் நிர்வாகிகளும் ஊழியர்களும் பெரும்பங்கை வாங்கினார்கள்.

காரோட்டுபவர் குடிக்கவே கூடாது. கொலராடோவில் ரத்த ஆல்கஹால் 0.05 விழுக்காட்டைத் தாண்டினாலே வழக்கு வரலாம். இரவு அங்கேயே தங்குவதானால் இரண்டுக்கும் போங்கள். இடையில் நடக்கும் தூரம்தான்.