காசு சுண்டியதா, எண்ணி அனுப்பியதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வழக்கமான ஒட்டுக்கடை. தே தாரேக் ஆறுவதற்குள் அக்கா மகள் ஆரம்பித்துவிட்டாள்: "மாமா, இரண்டு பெட்டி. ஒன்று காசு சுண்டிப் பார்த்து, கிடையாகவோ செங்குத்தாகவோ அதிரும்படி முனைவாக்கிய போட்டானை (ஒளித்துகளை) அனுப்பும். மற்றது 45 பாகை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்ததை அனுப்பும். எது எந்தப் பெட்டி என்று கண்டுபிடிக்க முடியுமா?"

முடியாது. ஒரு திசை அதிர்வை மட்டும் விடும் வடிகட்டியை எந்தக் கோணத்தில் திருப்பினாலும் இரண்டிலும் சராசரியாகப் பாதிதான் கடக்கும். 1927-இல் கணிதவியலாளர் வான் நாய்மன் வகுத்த அடர்த்தி அணி, அதாவது எந்த அளவீட்டில் எது எவ்வளவு வாய்ப்பில் வரும் என்று சொல்லும் எண் அட்டவணை, இரண்டுக்கும் ஒன்றே. அளப்பவருக்குக் கிடைப்பது அந்த அணி மட்டும்தான்.

"சாம் மாதிரியா?" என்றாள். காப்பியும் தேயும் கலந்தபின் எதை முதலில் ஊற்றினார்கள் என்று தெரியாது, சரி. ஆனால் சாமில் உள்ளே போன சரக்கு ஒன்றுதான். இங்கே சரக்கே வேறு, அப்படியும் தெரியாது.

மூன்றாவது வழி, அளவீட்டு விடைகள் ஒன்றோடொன்று பொருந்தும்படி பின்னிய இரட்டையில் ஒரு போட்டானை மட்டும் தருவது. அதற்கும் இதே அணிதான். துணைப் போட்டானை வைத்திருப்பவர் எந்தக் கோணத்தில் அளக்கிறாரோ, அதற்கேற்ப நம் பக்கம் முதல் பெட்டியாகவோ இரண்டாவதாகவோ அமையும். இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் இதை 1936-லேயே அலசிவிட்டார். துணைப் போட்டானை வைத்திருப்பவர் தன் அளவீட்டுப் பட்டியலைத் தராதவரை நமக்கு எதுவும் தெரியாது. தெரிந்தால் ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்பலாமே!

அப்புறம்தான் அவள் சரியான இடத்தில் கிள்ளினாள்: "காசு சுண்டாமல், பெரட்டில் ஆள் எண்ணுகிற மாதிரி சரியாக 5,000 கிடை, 5,000 செங்குத்து என்று கலைத்து அனுப்பினால்?"

இங்கே பிடித்துவிடலாம். கிடை-செங்குத்து அளவீட்டில் கிடை என்று வருவது ஒவ்வொரு முறையும் அச்சாக 5,000. சாய்ந்த போட்டான்களை அதேபோல் எண்ணி அனுப்பினால், இதே அளவீட்டில் 5,000-ஐச் சுற்றி 50 போல ஏறி இறங்கும்; அச்சாக 5,000 விழ நூற்றில் ஒரு வாய்ப்புகூட இல்லை. தனிப் போட்டானின் அணி இன்னமும் அதேதான். எண்ணி அனுப்பியதால் போட்டான்களுக்குள் ஓர் உறவு வந்துவிட்டது. 10,000-க்கும் சேர்த்து எழுதும் அணிதான் மாறுகிறது. என்னைக் கேட்டால், 'பாதிக்குப் பாதி' என்று மொட்டையாகச் சொல்வதில்தான் குழப்பமே.

ஆய்வகத்தில் டிடெக்டர் சிலவற்றைத் தவறவிடும், அச்சாக 5,000 வராது. கிடை எண்ணிக்கைக்கும் செங்குத்து எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டால், எண்ணி அனுப்பிய கிடை-செங்குத்துத் தொகுப்பில் ஏற்ற இறக்கம் அப்போதும் சாய்ந்ததைவிடக் குறைவாகவே இருக்கும்.