திரும்பத் திரும்ப வரும் காது வலி: குழாய் வைப்பதா, மருந்தோடு காத்திருப்பதா?

எங்கள் மகளுக்கு இரண்டு வயது நிறைவதற்கு முன்பே இரண்டு காதுகளிலும் குழாய் வைத்துவிட்டோம். ஆகவே இந்த ஒப்பீடு நடுநிலையாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் ஒன்று: சில மாதங்கள் கழித்து என் நாத்தனார் தன் மகனை அழைத்துக்கொண்டு வந்து இதே கேள்வியைக் கேட்டபோது, "அவனுக்கு இப்போது வேண்டாம் அண்ணி, பொறுத்துப் பாருங்கள்" என்றுதான் சொன்னேன். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. காய்ச்சல், இரவெல்லாம் அழுகை, ஆண்டிபயாடிக், சற்று நிம்மதி, மறுபடியும் காய்ச்சல் என்று கதையும் ஒன்றுதான். முடிவு மட்டும் ஏன் வேறானது என்பதற்கே இந்தக் கட்டுரையில் பாதி இடம் போகும்.

முதலில் தெரிந்த விஷயங்களை வேகமாகக் கடந்துவிடலாம். மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழாய் சின்னக் குழந்தைகளுக்குக் குட்டையாகவும் அதிகச் சரிவில்லாமலும் இருக்கிறது. சளி பிடித்தால் அது வீங்கி அடைத்துக்கொள்ளும். உள்ளே தேங்கும் நீரில் கிருமி பெருகும். செவிப்பறை புடைத்து வலிக்கும். வளர வளர அந்தக் குழாய் நீண்டு சரிவதால் பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்தத் தொல்லை தானாகவே விட்டுப்போகிறது. காத்திருக்கச் சொல்பவர்களின் வாதத்துக்கு அடிப்படையே இதுதான். அதில் குற்றம் காண எதுவும் இல்லை.

குழாய் வைப்பது, மருத்துவர்கள் பேச்சில் கிரோமெட் போடுவது, மிகச் சிறிய அறுவை. மயக்க மருந்து கொடுத்து, செவிப்பறையில் சிறு கீறல் போட்டு, தேங்கிய நீரை உறிஞ்சி எடுத்து, அந்தக் கீறலில் ஒரு குட்டிக் குழாயைச் செருகுகிறார்கள். கால் மணி நேரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும்; அன்றே வீடு திரும்பலாம். இன்று நாம் காணும் வகைக் குழாயை 1954-இல் அமெரிக்க மருத்துவர் ஆர்ம்ஸ்ட்ராங் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். வழக்கமான குறுகிய காலக் குழாய் ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் வரை இருந்துவிட்டு, செவிப்பறை வளரும்போது தானே வெளியே தள்ளப்படும்.

எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

ஆறு மாதத்தில் மூன்று முறை, அல்லது ஒரு வருடத்தில் நான்கு முறை (அதில் ஒன்றாவது கடந்த ஆறு மாதத்துக்குள்) நடுக்காதில் தொற்று வந்தால் அதை 'அடிக்கடி வரும் தொற்று' என்று கணக்கிடுகிறார்கள். பெற்றோர் பலர் இந்த எண்ணைத் தொட்டவுடன் அறுவைக்குத் தேதி கேட்கிறார்கள். நாங்களும் நாட்காட்டியில் குறித்துக்கொண்டுதான் போனோம்.

ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் குழாயின் கட்சி பலவீனமானது. 2021-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு இதைத் தெளிவாகவே காட்டியது. ஆறு மாதம் முதல் மூன்று வயதுக்குட்பட்ட 250 குழந்தைகளில் ஒரு பாதிக்குக் குழாய். மறு பாதிக்குத் தொற்று வரும்போது மட்டும் மருந்து. இரண்டு வருடம் கவனித்ததில் ஒரு குழந்தைக்கு ஆண்டொன்றுக்குச் சராசரியாக வந்த தொற்று, குழாய்க் குழுவில் 1.48, மருந்துக் குழுவில் 1.56. வித்தியாசம் இல்லை என்றே சொல்லிவிடலாம். குழாய் வைத்தவர்களுக்கு அடுத்த தொற்று வரச் சற்றுத் தாமதமானது: நான்கு மாதத்துக்கும் சற்று அதிகம், மற்றவர்களுக்கு இரண்டே கால் மாதம் போல. அதே ஆய்வில் மருந்துக் குழுவில் சேர்ந்த பல குழந்தைகளுக்கு இடையிலேயே குழாய் வைக்க நேர்ந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இருந்தாலும், 'குழாய் வைத்தால் காது வலியே வராது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்படியானால் நாங்கள் ஏன் வைத்தோம்?

இடைப்பட்ட நாட்களில் காது காய்கிறதா

தொற்று தணிந்த பிறகும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் நிற்கும். இது இயல்பு. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் 60 முதல் 70 சதவீதக் குழந்தைகளுக்கு நீர் இருக்கும். ஒரு மாதத்தில் 40 சதவீதம். மூன்று மாதத்தில் 10 முதல் 25 சதவீதம். அதாவது பெரும்பாலோருக்கு வடிந்துவிடுகிறது, ஒரு சிறு பங்கினருக்கு வடிவதில்லை. உங்கள் குழந்தை எந்தப் பக்கம் என்பதைத் தொற்றுகளின் எண்ணிக்கை சொல்லாது. காய்ச்சல் இல்லாத, விளையாடிக்கொண்டிருக்கும் ஒரு சாதாரண நாளில் காதைப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த ஒரு சோதனைக்காகத் தனியாக நேரம் ஒதுக்குங்கள் என்று கேட்பவரிடமெல்லாம் சொல்கிறேன். நோய் வந்தபோது ஓடுவதும், சரியானதும் மறந்துவிடுவதும்தான் நம் வழக்கம். மருத்துவரும் சிவந்த காதையே ஒவ்வொரு முறையும் பார்க்கிறார். சிவந்த காதில் நீர் இருப்பது புதிய செய்தி அல்ல. நன்றாக இருக்கும் நாளில் காற்றை மெல்ல ஊதிச் செவிப்பறை அசைகிறதா என்று பார்க்கும் ஓட்டோஸ்கோப், அல்லது டிம்பனோமெட்ரி என்ற ஒரு நிமிடச் சோதனை, இரண்டில் ஒன்று போதும். செவிப்பறை இயல்பாக அசைந்தால் டிம்பனோமெட்ரி வரைபடத்தில் ஒரு சிகரம் எழும். பின்னால் நீர் நின்றால் கோடு தட்டையாகப் போகும். என் மகளின் கோடு போன ஒவ்வொரு முறையும் தட்டைதான், இரண்டு காதிலும். நாத்தனார் மகனுக்கோ தொற்று வந்து ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது நல்ல சிகரம்.

அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் கழகம் 2022-இல் புதுப்பித்த வழிகாட்டுதலும் இந்த இடத்தில்தான் கோடு கிழிக்கிறது. அடிக்கடி தொற்று வந்தாலும், பரிசோதிக்கும் நாளில் இரண்டு காதிலும் நீர் இல்லையென்றால் குழாய் வைக்கக் கூடாது. ஒரு காதிலாவது நீர் இருந்தால் இரு காதுக்கும் குழாய் வைக்கும் வாய்ப்பைச் சொல்ல வேண்டும். செவிப்பறைக்குப் பின்னால் தேங்கிய நீர் உள்வழியே வடிந்துவிடுகிறது என்றால் யூஸ்டேஷியன் குழாய் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். அந்த வேலையைச் செய்ய இன்னொரு குழாய் எதற்கு?

நீர் நின்றால் கேள்வி வேறாகிறது. கேட்கும் திறன் சராசரியாக 25 டெசிபல் அளவுக்குக் குறையலாம். செவிடு என்று சொல்ல முடியாது. கூப்பிட்டால் திரும்புவார்கள், பாட்டுக்கு ஆடுவார்கள். ஆனால் மெல்லிய பேச்சும் சொல்லின் கடைசி எழுத்துகளும் நழுவும். என் மகள் 'பிடிவாதக்காரி' என்று பெயர் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், பாதி நேரம் நாங்கள் சொன்னது அவள் காதில் விழவே இல்லை என்று இப்போது நினைக்கிறேன். குழாய் வைத்த வாரத்திலேயே மிக்சி சத்தத்துக்கு மிரண்டாள், அதுவரை மிரண்டதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'நீரை உடனே எடுக்காவிட்டால் பேச்சு வராது, படிப்பு வராது' என்று பயமுறுத்துபவர்களும் உண்டு. நீர் தேங்கிய குழந்தைகளில் சிலருக்கு உடனேயும், சிலருக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போட்டும் குழாய் வைத்துப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களுக்கு ஒன்பது முதல் பதினொரு வயதானபோது 2007-இல் வந்த முடிவு, வளர்ச்சியில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை என்பதே. ஆகவே அவசரம் வேண்டாம். அந்த ஆய்வு மற்றபடி ஆரோக்கியமான குழந்தைகளைப் பற்றியது. ஏற்கெனவே பேச்சுத் தாமதம், அண்ணப் பிளவு, டவுன் நோய்க்குறி போன்றவை இருந்தால் மருத்துவர்கள் இவ்வளவு பொறுக்க மாட்டார்கள், பொறுக்கவும் கூடாது.

குழாய் வைத்த பிறகு வரும் வேலை

தொற்று குறையாது என்று முன்பே சொன்னேன். மாறுவது அதன் குணம். குழாய் இருக்கும் காதில் சீழ் அடைபட்டு நிற்க வழியில்லை, வெளியே வடிந்துவிடுகிறது. அழுத்தம் இல்லாததால் வலி குறைவு, பெரும்பாலும் காய்ச்சலும் இல்லை. காலையில் தலையணையில் மஞ்சள் கறையைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரியும். அவள் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருப்பாள். சீழ் வடியும் நாட்கள் குழாய் வைத்தவர்களுக்குத்தான் அதிகம் என்பதும் அந்த 2021 ஆய்விலேயே இருக்கிறது: ஆண்டுக்கு சுமார் 8 நாள், மற்றவர்களுக்கு 3 நாள்.

வாய்வழி ஆண்டிபயாடிக்குக்குப் பதிலாகக் காதுச் சொட்டு மருந்தே போதும் என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். குழாய் வழியே மருந்து நேராக நடுக்காதுக்குப் போகிறது. 2014-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், இரண்டு வாரம் கழித்தும் சீழ் வடிந்துகொண்டிருந்தவர்கள் சொட்டு மருந்துக் குழுவில் 5 சதவீதம், வாய்வழி மருந்துக் குழுவில் 44 சதவீதம். வயிற்றுப்போக்கும் பூஞ்சைத் தடிப்பும் இல்லாத சிகிச்சை எவ்வளவு பெரிய வரம் என்பது மாதாமாதம் ஆண்டிபயாடிக் கொடுத்தவர்களுக்குத் தெரியும். ஒரே நிபந்தனை: குழாய்க்கென்று மருத்துவர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து மட்டுமே. அலமாரியில் கிடக்கும் வேறு காது மருந்தை ஊற்றக் கூடாது. சில மருந்துகள் உள்காதைப் பாதிக்கும்.

தண்ணீரைப் பற்றி வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. எல்லாக் குழந்தைக்கும் காதடைப்பான் கட்டாயம் என்பது பழைய வழக்கம். இப்போதைய வழிகாட்டுதல் அப்படிச் சொல்வதில்லை. தலையில் தண்ணீர் ஊற்றுவதிலும் மேலோட்டமாக நீந்துவதிலும் சிக்கலில்லை. ஆழமாக மூழ்கும் குழந்தைக்கும், நனைந்தாலே சீழ் வைக்கும் குழந்தைக்கும் மட்டும் கவனம் தேவை.

குறைகளும் உண்டு. குழாய் அடைத்துக்கொள்ளலாம், சீக்கிரமே விழுந்துவிடலாம், விழுந்த பின் செவிப்பறையில் ஓட்டை மூடாமலும் போகலாம். குறுகிய காலக் குழாயில் இந்த ஓட்டை நூற்றுக்கு இரண்டு பேர் அளவுக்கு. நீண்ட காலம் இருக்கும் டி வடிவக் குழாயில் பல மடங்கு அதிகம். முதல் முறையே அந்த நீண்ட காலக் குழாயைப் பரிந்துரைத்தால் ஏன் என்று கேளுங்கள்.

மயக்க மருந்துதான் எங்களை மிகவும் தயங்க வைத்தது. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலாகவோ பலமுறையோ மயக்க மருந்து கொடுப்பது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் எச்சரித்தது உண்மை. ஒருமுறை, குறுகிய நேரம் என்பது வேறு கணக்கு: கைக்குழந்தையாக இருக்கும்போது ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக மயக்க மருந்து பெற்றவர்களை ஐந்து வயதில் சோதித்து, 2019-இல் வெளியிட்ட ஆய்வு அறிவுத்திறனில் குறை எதையும் காணவில்லை. அதற்காக மயக்கம் தெளிந்து வரும் அந்த அரைமணி நேர அழுகை எளிதாகிவிடாது. அறுவையைவிட அதற்குத்தான் மனதைத் தயார் செய்ய வேண்டும்.

காத்திருப்பவர்களுக்கு

இந்தப் பக்கத்தில் என் அனுபவம் நாத்தனார் வீட்டில் பார்த்ததோடு சரி. காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆண்டிபயாடிக் தொடங்கினால் பத்து நாளும் கொடுத்தார்கள். இந்த வயதில் ஐந்து நாளோடு நிறுத்தியவர்களில் சிகிச்சை தோற்றது 34 சதவீதம், பத்து நாள் கொடுத்தவர்களில் 16 சதவீதம் என்று 2016-இல் வந்த ஆய்வு அவர்களை அசைத்திருந்தது. நியூமோகாக்கல், ஃப்ளூ தடுப்பூசிகள் முடிந்தன. வீட்டில் புகைபிடிப்பவர் வாசலோடு நிற்கவில்லை, பழக்கத்தையே விட்டார். படுத்தபடி பால் புட்டி குடிப்பதும் வாய்ச்சூப்பானும் நின்றன. எது பலித்தது, எவ்வளவு வயதின் கொடை என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அடுத்த சளிக்காலத்தில் தொற்று பாதியாகக் குறைந்தது.

தொற்று வராமலிருக்க மாதக்கணக்கில் குறைந்த அளவு ஆண்டிபயாடிக் கொடுக்கும் பழைய முறையை யாராவது சொன்னால் மறுத்துவிடலாம். குழந்தை மருத்துவ வழிகாட்டுதல்கள் அதைக் கைவிட்டுவிட்டன.

மூக்கின் பின்புறம் இருக்கும் சதைத் திரட்சியான அடினாய்டை எடுப்பது மூன்றாவது வழி. நான்கு வயதுக்குக் கீழே, மூக்கடைப்பு போன்ற தனிக் காரணம் இல்லாமல், காதுக்காக மட்டும் அதை எடுப்பதில்லை. எங்களுக்கு அதில் அனுபவம் இல்லை, இப்போதைக்கு.

'இப்போதைக்கு' என்பதற்குக் காரணம் உண்டு. என் மகளின் இடது காதுக் குழாய் விழுந்துவிட்டது. வலது இன்னும் இருக்கிறது. அடுத்த பரிசோதனையில் இடது காதின் கோடு மறுபடியும் தட்டையாக வந்தால் மூன்று மாதம் பார்ப்போம். அதற்குள் அவளுக்கு நான்கு வயது ஆகியிருக்கும். நீர் அப்படியே நின்றால் அடினாய்டையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.