சென்சஸ் ஏடா, பென்ஷன் கோப்பா?

19ஆம் நூற்றாண்டு அமெரிக்க முன்னோரைத் தேடுபவர்கள் முதலில் புரட்டுவது சென்சஸ் ஏடுகளைத்தான். ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் இலவசம். ஆனால் 1850க்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே; மற்றவர்கள் அவருக்கு என்ன உறவு என்பது 1880இல்தான் வருகிறது. 1890 ஏடுகளோ 1921 தீவிபத்தில் சேதமாகி, பெரும்பாலும் அழிந்தே போயின.

முன்னோர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்புக்காகச் சண்டையிட்டவர் என்றால், என் ஓட்டு வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்துப் பென்ஷன் கோப்புக்கே. காசு செலவாகும், காத்திருக்கவும் வேண்டும். ஆனால் வீரரின் பென்ஷனைப் பெற அவர் விதவை தன் திருமணத்தை நிரூபித்தாக வேண்டுமே! அக்கம்பக்கத்தார் வாக்குமூலம், பிள்ளைகளின் பிறந்த தேதி, சிலவற்றில் குடும்ப பைபிளிலிருந்து கிழித்த பக்கமே இருக்கும். 1850, 1860 சென்சஸின் அடிமைப் பட்டியல்களில் பெரும்பாலும் பெயரே கிடையாது, வயது, பாலினம், நிறம் போன்றவைதான். கறுப்பின வீரரின் கோப்பிலோ பழைய எஜமானர் பெயர்கூடக் கிடைக்கலாம். தெற்குத் தரப்பு வீரர் என்றால் மாநிலக் காப்பகங்களைத்தான் கேட்க வேண்டும்.